பழைய எச்டி டிவி வாங்கப் போனால் ஒரு பென் டிரைவ் கொண்டுபோங்கள்

விற்பவர் ஓட்டிக் காட்டும் பளபள வீடியோவை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள், அதில் குறை எளிதில் தெரியாது. வெள்ளை, கறுப்பு, சிவப்பு, சாம்பல் என்று திரை முழுக்க ஒரே நிறம் நிரம்பும் படங்களை பென் டிரைவில் போட்டுக்கொண்டு போய் ஒவ்வொன்றாகக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளையில் செத்த பிக்சல், அதாவது ஒளிராமல் போன திரைப்புள்ளி, கரும்புள்ளியாக நிற்கும், விளக்கை அணைத்துவிட்டுக் கறுப்பைப் பார்த்தால் ஓரங்களில் வெளிச்சம் கசிவது தெரியும், ஓஎல்இடி (ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் திரை வகை) என்றால் சாம்பலிலும் சிவப்பிலும் சேனல் லோகோவின் தழும்பு மூலையில் மங்கலாகப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், அரை மணி நேரமாவது ஓட விடுங்கள், சில கோளாறுகள் சூடேறிய பிறகுதான் தலைகாட்டும். செட்டாப் பாக்ஸ் போன்றவற்றை இணைக்கும் எச்டிஎம்ஐ போர்ட் எல்லாவற்றிலும் கேபிளைச் செருகிப் பார்க்க வேண்டும். திரையில் கோடு விழுந்திருந்தால் எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வேண்டாம், டிவியிலேயே விலை அதிகமான பாகம் பேனல், அதாவது அந்தத் திரைதான்.