கிராஃபிங் கால்குலேட்டர் அப்டேட்: பார்த்ததும் பதற வேண்டாம்

அப்டேட் முடிந்த கையோடு சைன் 30 தட்டிப் பார்க்கிறீர்கள். 0.5 வர வேண்டிய இடத்தில் -0.988031624 வருகிறது. அப்டேட்டால் மெஷின் கெட்டுவிட்டது என்று உடனே முடிவு கட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் (டிஐ) நிறுவனத்தின் டிஐ-84 பிளஸ் சிஇ கால்குலேட்டரில் புது ஓஎஸ் ஏறும்போது ரேம் அழிந்துவிடும். செட்டிங்குகள் பழையபடி தொடக்க நிலைக்குப் போக, கோண அளவு ரேடியனில் நிற்கும். 30 ரேடியனுக்கு அது சரியான விடைதான். மோடு கீயை அழுத்தி டிகிரிக்கு மாற்றினால் போதும்.

அதற்குப் பிறகும் ஒரு குழப்பம் வரும். சைன் வரைபடம் போட்டால் அலையைக் காணோம், படுத்த கோடுதான் தெரியும். திரை -10 முதல் 10 வரைதான் காட்டுகிறது. 10 டிகிரிக்கு சைன் வெறும் 0.17. ஜூம் மெனுவில் 7-ஐ எடுங்கள், அலை வந்துவிடும்.

ரேமோடு சேர்ந்து எழுதி வைத்த புரோகிராம்கள் தொலைவதுதான் உண்மையான இழப்பு. அப்டேட்டுக்கு முன்பே செகண்ட் (2nd) கீயை அழுத்தி + அழுத்துங்கள், 2-ஐத் தேர்ந்தெடுத்து புரோகிராம் பட்டியலுக்குப் போங்கள். ஒவ்வொன்றின் மேலும் என்டர் தட்டினால் பெயருக்கு முன் நட்சத்திரக் குறி விழும். குறி விழுந்தவை ரேமோடு அழியாத ஆர்க்கைவ் நினைவகத்தில் பத்திரமாக இருக்கும்.

கேபிள் மினி யூஎஸ்பி. இன்றைய போன் கேபிள் நுழையாது. மினி கேபிள் நுழைந்தும் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாவிட்டால் அது சார்ஜுக்கு மட்டுமான கேபிளாக இருக்கலாம்.

ஊட்டியில் ஜூன், ஜூலைக் காற்றுமழையில் மரம் சாய்ந்து கரண்ட் போவது சகஜம். யூபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். சார்ஜ் உள்ள லேப்டாப் நல்லது. பாதியில் நின்று, ஓஎஸ் போடச் சொல்லித் திரை காத்திருந்தால் பயப்பட வேண்டாம், கம்ப்யூட்டரில் உள்ள டிஐ கனெக்ட் சிஇ மென்பொருளிலிருந்து அதே ஓஎஸ்ஸை மறுபடி அனுப்புங்கள். கேசியோ எஃப்எக்ஸ்-சிஜி50 என்றால் நான்கு ஏஏஏ செல்களையும் புதிதாகப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள். கொடைக்கானல் மார்கழிக் குளிரில் பழைய செல் சட்டென்று இறங்கிவிடும்.

மே மாத ஐபி (இன்டர்நேஷனல் பாக்கலரேட்) தேர்வை வைத்துக்கொண்டு ஏப்ரலில் அப்டேட் போடவே கூடாது. சிஇ-யில் அசெம்பிளி புரோகிராம்கள், அதாவது பிராசசரின் மொழியிலேயே எழுதப்பட்டவை, ஓடுவதை டிஐ நிறுவனம் 2020-இல் நிறுத்திவிட்டது. அவற்றை நம்பியிருப்பவர்கள் செகண்ட், +, 1 அழுத்தித் தங்கள் ஓஎஸ் எண்ணைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஏற்றிய பிறகு பழைய ஓஎஸ்ஸுக்குத் திரும்ப நிறுவனம் வழி வைக்கவில்லை.