நீண்ட பெயர்ப்பட்டியலை எக்செலில் பதிய ஒரு படிவம்

கமக்காரர் அமைப்பின் உறுப்பினர் பட்டியலைப் போல நிரல்கள் பல கொண்ட பதிவை எக்செலில் ஏற்றும்போது, தலைப்பு வரிசைக்குக் கீழே பட்டியலுக்குள் உள்ள ஏதாவதொரு கலத்தில் நின்று, ஆல்ட்டையும் டி-யையும் சேர்த்து அழுத்திவிட்டு ஓ-வை அழுத்தினால், தலைப்புகள் அனைத்தும் ஒன்றன்கீழ் ஒன்றாக அமைந்த ஒரு படிவம் திறக்கும். மேலே உள்ள கட்டளைப் பட்டையான ரிப்பனில் இக்கட்டளை இயல்பாகக் காட்டப்படுவதில்லை என்பதாலேயே பலருக்கு இது தெரியாது. இலவச விரிதாள் மென்பொருளான லிபரே ஆபிஸ் கல்க்கிலோ இது டேட்டா மெனுவிலேயே இருக்கிறது.

பெயர், அடையாள அட்டை இலக்கம், வாய்க்கால், காலபோகத்தில் (பெரும்போகத்தில்) விதைத்த ஏக்கர் என ஒருவருடைய விபரம் மட்டுமே கண்முன் நிற்பதால், ஒருவருடைய காணி அடுத்தவரின் வரிசையில் விழும் தவறு பெரிதும் குறைகிறது. நியூ பொத்தானை அழுத்திப் புதிய பதிவைத் தொடங்கினால், டாப் விசை அடுத்த கட்டத்துக்குக் கொண்டுசெல்ல, என்டர் விசை பதிவைச் சேர்த்துப் புதிய வெற்றுப் படிவத்தைத் தருகிறது. 12 இலக்க அடையாள எண் சுருங்கிய வடிவில் தோன்றாமலும், தொலைபேசி எண்ணின் முதற் பூச்சியம் உதிராமலும் இருக்க, அந்த நிரல்களை முன்கூட்டியே டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றிவைப்பது நல்லது.

32 நிரல்களுக்கு மேற்பட்ட பட்டியலுக்கு எக்செல் படிவம் உதவாது. கைபேசிச் செயலியிலும் இணையப் பதிப்பிலும் இவ்வசதி இல்லை. கலத்தில் அமைத்த தெரிவுப்பட்டியலும் படிவத்தில் தோன்றாது. எல்லாவற்றிலும் முக்கியமாக, படிவத்தின் வழியாக அழித்த பதிவை அன்டூ கொடுத்து மீட்க முடியாது.