நடு உறுப்பை உடைப்பது எப்படி? இருபடிக் கோவையைக் காரணிப்படுத்தல்

(x + 3)(x + 4) என்பதைப் பெருக்கச் சொன்னால் x² + 7x + 12 என்று எழுதிவிடுவோம். விடையைக் கொடுத்து, எதை எதைப் பெருக்கினால் இது வரும் என்று திருப்பிக் கேட்டால்தான் கை நின்றுவிடும். அந்தத் திருப்பிப் போடும் வேலைதான் காரணிப்படுத்தல்.

7 எங்கிருந்து வந்தது? 3-ஐயும் 4-ஐயும் கூட்டியதில். 12? அவற்றையே பெருக்கியதில். ஆக, x²-இன் கெழு (அதன் முன்னால் நிற்கும் எண்) 1 என்றால், பெருக்கினால் கடைசி எண்ணையும் கூட்டினால் நடு எண்ணையும் தரும் ஜோடியைக் கண்டுபிடித்தால் போதும்.

2x² + 14x + 24 போல வந்தால் முதலில் 2-ஐ வெளியே எடுத்துவிடுங்கள். உள்ளே இருப்பது அதே பழைய கணக்குதான்.

சரி, 6x² + x − 12 வந்தால்?

படி 1: முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் பெருக்குங்கள். 6 × (−12) = −72.

படி 2: பெருக்கினால் −72, கூட்டினால் +1 வரும் ஜோடி வேண்டும். மனக்கணக்கில் தேடாதீர்கள், ஓரத்தில் எழுதுங்கள்: 1 × 72, 2 × 36, 3 × 24, 4 × 18, 6 × 12, 8 × 9. பெருக்கல் பலனில் கழித்தல் குறி இருப்பதால் இரண்டும் எதிரெதிர்க் குறி. வித்தியாசம் 1 உள்ள ஜோடி 8, 9. கூட்டினால் +1 வர வேண்டுமே, அதனால் பெரியதுக்குக் கூட்டல்: +9, −8.

படி 3: நடு உறுப்பை உடையுங்கள்.
6x² + 9x − 8x − 12

படி 4: இரண்டிரண்டாகப் பிரித்துப் பொதுவானதை வெளியே எடுங்கள்.
3x(2x + 3) − 4(2x + 3)

பள்ளியில் எனக்கு மதிப்பெண் போனதெல்லாம் இந்த வரியில்தான். −12-இலிருந்து −4-ஐ எடுத்தால் உள்ளே +3. நான் பழக்கதோஷத்தில் −3 என்று எழுதிவிடுவேன். இரண்டு அடைப்புக்குள்ளும் ஒரே கோவை வரவில்லையா? குறியை ஒருமுறை பாருங்கள்.

விடை: (2x + 3)(3x − 4)

சரிபார்க்க x = 1 போடுங்கள். கேள்வியில் 6 + 1 − 12 = −5. விடையில் 5 × (−1) = −5. இது ஒத்துப்போகாவிட்டால் விடை நிச்சயம் தப்பு.

அப்புறம், எவ்வளவு தேடியும் ஜோடி கிடைக்காத கோவைகளும் உண்டு. x² + 5x + 3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். x²-இன் கெழு a, x-இன் கெழு b, கடைசி எண் c என்று வைத்து b² − 4ac போட்டால் 25 − 12 = 13. இது முழு வர்க்கம் இல்லை. முழு எண்களில் காரணி கிடைக்காது. 6x² + x − 12 கணக்கில் அது 1 + 288 = 289, அதாவது 17². அதனால்தான் சுலபமாக உடைந்தது.