சர்க்கரை நோயோடு பார்வையும் குறைந்தவர்கள் உதவி பெறும் வழி: இராமநாதபுரம் கடலோரத்தினருக்கு

சர்க்கரை நோயால் பார்வை குறைந்தவருக்கு உதவும் அமைப்புகள் இரண்டு தனித்தனிப் பக்கங்களில் இயங்குகின்றன. சர்க்கரையை மருத்துவமனைகளும் ஆரம்ப சுகாதார நிலையங்களும் பார்த்துக்கொள்கின்றன. பார்வையிழந்தவரின் அன்றாட வாழ்வை மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகமும் பார்வையற்றோர் சங்கங்களும் பார்த்துக்கொள்கின்றன. எழுதித் தந்த மாத்திரைச் சீட்டை உங்களால் படிக்க முடியாது என்பதை முதல் பக்கத்தாரிடமும், உங்கள் பாதங்கள் மரத்திருக்கின்றன, ஊசி போட்டால் குறித்த நேரத்தில் சாப்பிட்டாக வேண்டும் என்பதை இரண்டாம் பக்கத்தாரிடமும் நீங்களோ உங்கள் வீட்டாரோதான் சொல்ல வேண்டியிருக்கும். தொண்டியிலிருந்து தனுஷ்கோடி வரையும் கீழக்கரை, சாயல்குடிப் பக்கமும் இருப்பவர்கள் எந்த வரிசையில் எங்கே செல்வது, அங்கே எதைக் கேட்பது என்பதே இங்கே சொல்லப்படுகிறது.

முதலில், மிஞ்சியிருக்கும் பார்வையைக் காப்பாற்றுங்கள். சர்க்கரை, கண்ணின் பின்புறத்திலுள்ள விழித்திரையின் நுண்ணிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கும்போது தொடக்கத்தில் வலியோ மங்கலோ எதுவும் தெரிவதில்லை. எனவே இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்கள், நோய் கண்டறியப்பட்ட உடனேயும் அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறையும், பார்வை நன்றாக இருந்தாலும்கூட, விழித்திரையைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அருகில் இருப்பது 2022இல் தொடங்கப்பட்ட இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மருத்துவமனை. அடுத்த நிலைச் சிகிச்சைக்குப் பெரும்பாலோர் மதுரைக்குச் செல்கிறார்கள், மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அங்கே இருக்கிறது, கட்டணமில்லாப் பிரிவும் அதில் உண்டு. ஊரில் கண்புரை முகாம் நடந்தால் புரையை மட்டும் காட்டிவிட்டுத் திரும்பிவிடாமல், "எனக்குச் சர்க்கரை இருக்கிறது, விழித்திரையையும் பார்க்க வேண்டும்" என்று பதிவு செய்யும் இடத்திலேயே சொல்லுங்கள். கண்ணின் பாப்பாவை விரிக்கச் சொட்டு மருந்து விடுவார்கள். அதன்பின் சில மணி நேரம் பார்வை மங்கி வெயில் கூசும் என்பதால், துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்வதும் வண்டி ஓட்டாமல் இருப்பதும் அவசியம்.

லேசர் சிகிச்சையும் கண்ணுக்குள் போடும் ஊசியும் பெரும்பாலும் மேலும் கெடாமல் தடுப்பதற்கானவை; ஊசியால் சிலருக்குப் பார்வை ஓரளவு தெளிவதுண்டு, ஆனால் நெடுநாள் முன்பு போன பார்வையை இரண்டில் எதுவும் திருப்பித் தராது. இதை அறியாமல், லேசருக்குப் பிறகும் தெளியவில்லையே என்று மனம் தளர்ந்து அடுத்த தவணைக்குப் போகாமல் விட்டவர்கள் நம் ஊர்களில் பலர் என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. கண்முன் திடீரெனக் கறுப்பு நூல்கள் ஓடினாலோ, திரை இறங்கியதுபோல் ஒரு பக்கம் மறைந்தாலோ, முகாம் வரும்வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு கொண்டு சென்று, உங்களுக்கு எழுதப்பட்ட சிகிச்சை அதில் அடங்குமா என்று காப்பீட்டுப் பிரிவில் கேட்டுக்கொள்ளலாம்.

மாதாந்தர மாத்திரைக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இருக்கிறது. உங்கள் துணை சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்தால் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வரும். கொண்டு வரும் தன்னார்வலரிடம் ஒவ்வொரு மாத்திரையின் பெயரையும் வேளையையும் வாய்விட்டுச் சொல்லச் சொல்லி, அவர் இருக்கும்போதே காலை மாத்திரையை ஒரு டப்பாவிலும் இரவு மாத்திரையை வேறு வடிவ டப்பாவிலும் போட்டுத் தொட்டுப் பாருங்கள். இரண்டு வகை இன்சுலின் போடுபவர்கள் ஒரு குப்பியில் ரப்பர் வளையம் மாட்டி வைத்தால் விரலே அடையாளம் காட்டிவிடும். நம் நாட்டில் மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பிகளும் 100 யூனிட் உள்ளவையும் விற்கின்றன. சிவப்பு மூடிச் சிரிஞ்சு முன்னதற்கு, ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சு பின்னதற்கு. நிறம் தெரியாதவர் மாற்றி எடுத்தால் அளவு இரண்டரை மடங்கு கூடவோ குறையவோ செய்யும் என்பதால், வீட்டில் ஒரே வகைச் சிரிஞ்சு மட்டும் இருக்கட்டும், அளவைப் பார்வையுள்ள ஒருவர் சரிபார்க்கட்டும். இன்சுலின் பேனாவின் சொடுக்கு ஒலியை எண்ணி மட்டும் போட்டுக்கொள்வதும் பாதுகாப்பானதல்ல. கருப்பட்டி சர்க்கரையை ஏற்றாது என்ற நம்பிக்கை பனங்காட்டுப் பகுதிகளில் உண்டு, அதுவும் ஏற்றும்.

பாதங்களைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பாம்பன், மண்டபம் பக்கத்தில் பாசி எடுக்கப் போகும் பெண்களுக்குப் பவளப்பாறையில் கால் கிழிவது அன்றாட நிகழ்ச்சி. வலை இழுப்பவர்கள் வெறுங்காலோடு சுடுமணலில் நடக்கிறார்கள். சர்க்கரையால் கால் மரத்து, கண்ணும் மங்கிவிட்டால், சிப்பி கிழித்ததையும் மணல் சுட்டதையும் வலியும் சொல்லாது, பார்வையும் சொல்லாது. ஆகையால் தினமும் இரவில் வீட்டிலுள்ள ஒருவர் உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பார்க்க வேண்டும். கடலில் இறங்கும்போதும் கட்டுக்காலணி அணியுங்கள். மருத்துவமனையில் நைலான் இழையால் தொட்டு உணர்வைச் சோதிக்கும் பாதப் பரிசோதனையைக் கேட்டுப் பெறுங்கள். கேட்காவிட்டால் கூட்டத்தில் அது விட்டுப்போகும்.

சிகிச்சை முடிந்தும் பார்வை குறைவாகவே நின்றுவிட்டால், அடுத்த இடம் ஆட்சியர் அலுவலக வளாகத்திலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். ஆதார், புகைப்படம், கண் மருத்துவப் பதிவுகள் ஆகியவற்றைக் கொடுத்து மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டையான யுடிஐடி அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். இ-சேவை மையத்திலும் உதவி கிடைக்கும். கண்ணாடி அணிந்த நிலையில் இரண்டு கண்களின் பார்வையையும் அளந்து, நன்றாகத் தெரியும் கண்ணை முதன்மையாகக் கொண்டே விழுக்காட்டைக் கணக்கிடுவார்கள். ஒரு கண் முழுவதும் போய் மற்றது நன்றாக இருந்தால் 30 விழுக்காடுதான் வரும், உதவிகளுக்குப் பொதுவாக 40 தேவை. அப்படி வந்தவர்கள் சோர்ந்துவிட வேண்டாம். பார்வை மேலும் குறைந்தால் மறுமதிப்பீடு கேட்கலாம். தகுதி பெற்றவர்கள் மாத ஓய்வூதியம், மடக்குக் கைத்தடி ஆகியவற்றைப் பற்றி ஒரே நாளில் கேட்டுவிடுங்கள். ஓய்வூதியம் வருவாய்த் துறை வழியாக வருவது. 2023 சனவரியில் அது 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மனு நகராமல் கிடந்தால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரிடம் நேரில் கொடுக்கலாம்.

நடுவயதில் பார்வை இழந்தவர்கள், சங்கங்கள் எல்லாம் பிறவியிலேயே பார்வையற்றவர்களுக்கானவை என்று எண்ணி ஒதுங்குகிறார்கள். அப்படி ஒதுங்க வேண்டியதில்லை. மதுரை சுந்தரராசன்பட்டியிலுள்ள இந்தியப் பார்வையற்றோர் சங்கம், தாமே பார்வையிழந்தவரான எஸ்.எம்.ஏ. ஜின்னா 1985இல் தொடங்கியது. பூந்தமல்லியில் பார்வை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்தின் வட்டார மையமும் உள்ளது. நேரில் போகுமுன் தொலைபேசியில் பேசி, கைத்தடி நடை, சமையல், பேசும் கைபேசிப் பயன்பாடு ஆகியவற்றில் பெரியவர்களுக்கு எந்தப் பயிற்சி எப்போது நடக்கிறது, தங்கிப் பயில இன்சுலின் வைக்கக் குளிர்பெட்டி உண்டா என்று கேளுங்கள். கைபேசியின் திரையை வாசித்துச் சொல்லும் வசதியை வீட்டுப் பிள்ளைகளே இன்றே இயக்கித் தரலாம்.

மாற்றுத்திறனாளி அட்டை உள்ளவரும் உடன் செல்லும் ஒருவரும் சாதாரணக் கட்டண அரசு நகரப் பேருந்தில் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம். முழுமையாகப் பார்வையிழந்தவருக்கு இரயிலில் 75 விழுக்காடு வரை கட்டணச் சலுகை உண்டு, துணையாளருக்கும் உண்டு. இராமேசுவரத்திலிருந்து விடியலில் கிளம்பி மதுரையில் வரிசையில் நிற்பவர்கள் ஊசி போட்டுக்கொண்டு பசியோடு காத்திருப்பதுதான் எனக்குப் பெருங்கவலை. அப்படி இரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்து வியர்வை, நடுக்கம், படபடப்பு வந்தால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்தும் தணியாவிட்டால் மறுபடி குடிக்க வேண்டும். சர்க்கரையைப் பையில் வைத்திருப்பதோடு இதை உடன் வருபவருக்கும் சொல்லிவையுங்கள். அறுவைச் சிகிச்சைக்கோ நோன்புக்கோ நாள் நெருங்கினால், ஊசியையும் மாத்திரையையும் எப்படி மாற்றுவது என்று சர்க்கரை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு, அவர் சொல்வதைக் கைபேசியில் குரலாகப் பதிந்துகொள்ளுங்கள்.