தலைக்கவசத்துக்குள் ஒரு மூக்குக்கண்ணாடி

எனக்குப் பவர் மைனஸ் 4.5. 2024 பிப்ரவரியில் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடந்த காமிக் கானுக்கு (காமிக்ஸ் ரசிகர்கள் வேஷம் போட்டுக் கூடும் விழா), ஃபோம் ஷீட்டில் செய்த விண்வெளி வீரன் வேஷத்தில் போனேன். முழுத் தலைக்கவசம். கண்ணாடியின் காதுக்கம்பிகள் உள்ளே நுழையவில்லை. கழற்றிவிட்டுப் போய் ஒரு தூணில் மோதினேன். அதனிடம் மன்னிப்பும் கேட்டேன்.

பிறகு வீட்டில் கான்டாக்ட் லென்ஸ் போட்டுப் பார்த்தேன். கவசத்துக்குள் இருந்த 5 வோல்ட் விசிறி நேராகக் கண்ணில் அடித்து, அரை மணி நேரத்தில் எரிச்சல். சரி, பழைய கண்ணாடியின் கம்பிகளைக் கழற்றி, எலாஸ்டிக் பட்டையால் தலையைச் சுற்றிக் கட்டினேன். கவசம் தாராளமாக இறங்கியது. அப்புறம் மூச்சு ஆவி. விசிறியைத் திருப்பி வைத்து, வாய்ப்பக்கத் துளை வழியே காற்றை வெளியே தள்ளவிட்டேன். ஆவி படிவது நின்றது. கீழே பார்ப்பது மட்டும் இன்னும் முடியாது. படிக்கட்டு வந்தால் தம்பி கையைப் பிடித்துக்கொள்கிறான்.