கோலாலம்பூரிலிருந்து ஊருக்கு: தூரமும் பயண நேரமும்

கோலாலம்பூருக்குப் புதிதாக வந்திருப்பவர்கள், ஊரில் ஓர் அவசரம் என்றால் எவ்வளவு நேரத்தில் வீடு போய்ச் சேரலாம் என்பதை வந்த வாரத்திலேயே கணக்கிட்டு வைத்துக்கொள்வது நல்லது. சென்னைக்கு வான்வழித் தூரம் ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர். திருச்சிக்கு ஏறத்தாழ 2,700. நேரடி விமானத்தில் இரண்டு ஊருக்குமே நான்கு மணி நேரம் அளவே ஆகும். ‘ரஜூலா’ கப்பலில் நாகப்பட்டினத்தில் ஏறிப் பினாங்கில் இறங்கிய தலைமுறைக்கு இது நாள்கணக்கில் நீண்ட கடற்பயணம்.

எந்த ஊரில் இறங்குவது என்பதில்தான் பலர் நேரத்தை இழக்கிறார்கள். தஞ்சாவூர், புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்தவர்கள் கட்டணம் சற்றுக் குறைவு என்பதற்காகச் சென்னையில் இறங்கினால், அங்கிருந்து திருச்சி வரையிலான 330 கிலோமீட்டர் சாலையிலேயே ஐந்தாறு மணி நேரம் போய்விடும். அதாவது கடலைக் கடந்ததைவிடக் கூடுதலான நேரம். திருச்சியில் இறங்குபவருக்குத் தஞ்சாவூர் 60 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கைக்குழந்தையோடும் முதியவர்களோடும் செல்பவர்கள் கட்டண வேறுபாட்டைப் பெரிதாகக் கருத வேண்டாம் என்பதே என் கருத்து.

விமான நிலையம் நகரத்துக்குள் இல்லை. ஐம்பது கிலோமீட்டருக்கும் அப்பால், சிப்பாங்கில் இருக்கிறது. நகரின் முதன்மை ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலிலிருந்து விரைவு ரயில் முதல் முனையத்துக்கு 28 நிமிடத்திலும் இரண்டாம் முனையத்துக்கு 33 நிமிடத்திலும் சென்று சேரும். காரில் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளலாம் என்றாலும், மாலை நெரிசலிலும், நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டையொட்டி நகரமே கம்பத்துக்கு (சொந்தக் கிராமத்துக்கு) கிளம்பும் நாள்களிலும் அந்தக் கணக்கு பொய்த்துவிடும். ஏர் ஏசியா விமானங்கள் இரண்டாம் முனையத்திலிருந்தும், மலேசியா ஏர்லைன்ஸ் விமானங்கள் முதல் முனையத்திலிருந்தும் புறப்படுகின்றன என்பதால், வாடகைக் காரில் ஏறும்போதே முனையத்தைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது கடிகாரக் கணக்கு. மலேசிய நேரம் இந்திய நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியது. (1982 ஜனவரி 1-ஆம் தேதி தீபகற்ப மலேசியா தன் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்தள்ளும் வரை, இந்த வேறுபாடு இரண்டு மணி நேரமாக இருந்தது.) பயணச்சீட்டில் புறப்பாடும் வருகையும் அந்தந்த ஊரின் நேரப்படியே அச்சாகும். இரவு 9 மணிக்கு இங்கிருந்து புறப்பட்டால் சென்னையில் இறங்கும்போது அங்கு 10.30, ஒன்றரை மணி நேரப் பயணம்போல் தோன்றும். திரும்பும்போது இரவு 11 மணிக்கு ஏறினால், விடிகாலை 5.30-க்கு இங்கே இறங்கியிருப்பீர்கள். தூக்கம் பாதிகூட முடிந்திருக்காது. அன்று காலையே வேலைக்குப் போக வேண்டிய நிலையை இயன்றவரை தவிர்க்கவும். நள்ளிரவு கடந்து புறப்படும் விமானங்களில் தேதியையும் கூர்ந்து பார்க்க வேண்டும்: 15-ஆம் தேதி 12.30 என்றால், 14-ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும்.

எவ்வளவு துல்லியமாகக் கணக்கிட்டாலும், கடப்பிதழ் (பாஸ்போர்ட்) கையில் இல்லாவிட்டால் பயனில்லை. மலேசியாவின் 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி, உரிய அதிகாரமின்றிப் பிறருடைய கடப்பிதழை வைத்திருப்பது குற்றம். முதலாளி கேட்டாலும் நகலைக் கொடுத்து, அசலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

பினாங்கில் குடியேறுபவர்களுக்குச் சென்னை இன்னும் இருநூறு கிலோமீட்டருக்கு மேல் அருகில்தான். ஆயினும் நேரடி விமானம் கிடைக்காத நாளில் கோலாலம்பூரில் மாறிச் செல்ல நேரும். அப்போது இரு பயணங்களையும் ஒரே பயணச்சீட்டாக வாங்குங்கள். தனித்தனியாக வாங்கி, முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், புதுச்சீட்டின் செலவு பொதுவாக உங்கள் தலையில்தான் விழும்.