லண்டனில் முதல் ஆண்டிலேயே கார் வேண்டுமா? வேலூரிலிருந்து வருபவர்களுக்கு

இந்த முறை விடுமுறைக்குக் காட்பாடி வந்தபோது, இரண்டு வாரத்தில் ஏழெட்டு பேர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். எல்லோரும் வேலூரில் நர்சிங் படித்தவர்கள். ஆம்பூர், குடியாத்தம், ஆரணிப் பக்கத்துப் பிள்ளைகள். லண்டன் மருத்துவமனைகளில் வேலை உறுதியாகி விசாவுக்குக் காத்திருக்கிறார்கள். ஸ்வெட்டர் எத்தனை, புளி கொண்டுபோகலாமா என்று தொடங்கும் பேச்சு, கடைசியில் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறது: "அக்கா, அங்கே பழைய கார் ரொம்ப மலிவாமே? போனதும் ஒன்று வாங்கிவிடலாமா?"

மலிவுதான். நாங்களும் அந்த மலிவில்தான் மாட்டிக்கொண்டோம்.

நாங்கள் லண்டன் வந்தது 2023 அக்டோபரில். இல்ஃபோர்டில் ஓர் அறை. நான்காவது மாதம், ஊர்க்காரர் ஒருவருக்குத் தெரிந்தவர் தன் டீசல் காரைக் கொடுப்பதாகச் சொன்னார். 2013ஆம் ஆண்டு வண்டி, 1,400 பவுண்டு. என் மூன்று மாதச் சேமிப்பில் அடங்கிவிட்டது. ஊருக்குப் படம் அனுப்பினோம். மாமியார் அதற்குத் திருஷ்டி சுற்றச் சொன்னார்.

அடுத்த வாரம் எனக்குத் தொடர்ந்து மூன்று இரவுப் பணி. மாலை ஏழு மணிக்கு என் கணவர் கொண்டுபோய் விடுவார், காலை எட்டு மணிக்கு வந்து அழைத்துக்கொள்வார். குளிரில் பஸ் நிறுத்தத்தில் நிற்க வேண்டியதில்லை என்று மனம் அவ்வளவு நிம்மதியாக இருந்தது. சில நாள் கழித்து, வேலை முடித்து வந்து கதவைத் திறந்தால் மிதியடிமேல் ஒரே மாதிரி மூன்று கடித உறைகள். மறுநாள் நான்காவது வந்தது. ஒவ்வொன்றிலும் எங்கள் வண்டியின் படம், நம்பர், நேரம். ஒவ்வொன்றுக்கும் அபராதம் 180 பவுண்டு. 14 நாளுக்குள் கட்டினால் 90.

லண்டனில் யூலெஸ் என்று ஒரு புகைக் கட்டுப்பாட்டு மண்டலம் இருக்கிறது. 2023 ஆகஸ்ட் 29 முதல் நகரின் எல்லாப் பகுதிகளும் அதற்குள் வந்துவிட்டன. புகை விதிக்குப் பொருந்தாத வண்டியை எடுத்தால் நாளுக்கு 12.50 பவுண்டு, நம் பணத்தில் ஆயிரம் ரூபாய்க்கு மேல். கிறிஸ்துமஸ் நாள் தவிர ஆண்டு முழுக்க, இரவும் பகலும் உண்டு. பள்ளிகொண்டா டோல்கேட் போல வண்டியை நிறுத்திக் கேட்பவர் யாரும் இல்லை. கம்பத்தில் கேமரா இருக்கும், பணத்தை நாமாகத்தான் இணையத்தில் கட்ட வேண்டும். நாள் என்பது நள்ளிரவிலிருந்து நள்ளிரவு வரை. ஆகவே மூன்று இரவுப் பணி என்பது அவர்கள் கணக்கில் நான்கு நாள். ஒழுங்காகக் கட்டியிருந்தாலே 50 பவுண்டு. விற்றவருக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. அந்த வண்டி ஏன் அவ்வளவு மலிவு என்று நாங்கள் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்.

பொதுவாக 2006க்குப் பிந்தைய பெட்ரோல் வண்டிகளும், 2015 செப்டம்பருக்குப் பிந்தைய டீசல் வண்டிகளும் விதிக்குப் பொருந்தும். ஆனால் ஆண்டை வைத்து முடிவு செய்யாதீர்கள். லண்டன் போக்குவரத்துத் துறையின் தளத்தில் வண்டி நம்பரைப் போட்டால் உடனே சொல்லிவிடும். அதே நம்பரை அரசுத் தளத்தில் போட்டால், மூன்று வயதைத் தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. என்னும் தகுதிச் சோதனையில் எப்போதெல்லாம் தோற்றது, எதனால் தோற்றது என்பதையும் காசில்லாமல் பார்க்கலாம். விற்பவர் எதிரில் நின்றுகொண்டே பாருங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

நமக்கு ஏன் வந்ததும் கார் நினைப்பு வருகிறது என்பது எனக்குப் புரிகிறது. காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் ஒன்றாம் நம்பர், இரண்டாம் நம்பர் பஸ்ஸில் நர்சிங் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கிரீன் சர்க்கிள் நெரிசலில் வியர்த்து நின்றவள் நான். சொந்த வண்டி வந்தால் அந்த அல்லல் தீரும். உறவுக்காரர்கள் மத்தியில் ஒரு மதிப்பும் கூடும். லண்டனில் இரண்டுமே அப்படி இல்லை. எங்கள் வார்டின் மூத்த மருத்துவர் ரயிலில் வருகிறார். வீட்டு வாசலில் நிறுத்தக்கூடப் பல தெருக்களில் நகராட்சியிடம் பர்மிட் வாங்க வேண்டும். மருத்துவமனையில் ஊழியர்களுக்கு நிறுத்த இடம் கிடைப்பது அதைவிடக் கடினம். நகரின் நடுப்பகுதிக்குள் போனால் 2003இலிருந்தே நெரிசல் கட்டணம் வேறு.

அதனால் வருகிறவர்களிடம் நான் சொல்வது, காரைத் தேடாதீர்கள், வீட்டைச் சரியாகத் தேடுங்கள். தெரிந்தவர் வீட்டு மாடியில் அறை மலிவாக இருக்கிறது என்று போய்விட்டு, இரண்டு பஸ் மாறி வேலைக்குப் போகிறவர்கள்தான் ஆறாவது மாதம் கார் வாங்குகிறார்கள். வாடகை ஐம்பது பவுண்டு கூடினாலும் பரவாயில்லை, மருத்துவமனைக்கு ஒரே பஸ்ஸில் போகிற இடமாகப் பாருங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அந்த வழியில் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஞாயிறு காலையில் ரயில்கள் தாமதமாகத்தான் தொடங்கும். ஏழரை மணி ஷிஃப்டுக்கு அந்த நாள் ஒத்துவந்தால் மற்ற நாள்கள் தானாக ஒத்துவரும்.

பஸ் கட்டணம் இதை எழுதும்போது 1.75 பவுண்டு. ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் அதே கட்டணம்தான். காசு வாங்க மாட்டார்கள், கார்டைத்தான் தட்ட வேண்டும். ஒரு பஸ்ஸில் கார்டையும் அடுத்ததில் போனையும் தட்டினால் இரண்டு ஆளாகக் கணக்கு வைத்து இரண்டு கட்டணம் எடுத்துவிடும். ரயிலில் இறங்கும்போதும் தட்ட வேண்டும். 11 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குப் பஸ்ஸில் கட்டணம் இல்லை. ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் முருங்கைக்காயும் இட்லி அரிசியும் வாங்க ஓர் இழுவைப் பை போதும்.

போன கோடையில் என் அம்மா வந்திருந்தார். முழங்கால் வலிக்காரர், ஊரில் டவுன் பஸ் படியைப் பார்த்தாலே ஆட்டோ கூப்பிடச் சொல்வார். இல்ஃபோர்டில் முதல் நாள் பஸ் நின்றதும், நடைமேடைப் பக்கமாக அது மெல்லத் தாழ்ந்து கொடுத்தது. அம்மா என் கையை விட்டுவிட்டுத் தானாக ஏறி, முன்வரிசையில் உட்கார்ந்து, நான் கார்டு தட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தினமும் பஸ்ஸில்தான் போக வேண்டும் என்றார்.

கார் தேவைப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் கம்யூனிட்டி நர்ஸ் வேலை என்றால் பல இடங்களில் காரும் லைசென்ஸும் கேட்பார்கள். இரண்டு பிள்ளைகள் இரண்டு பள்ளியில் படித்து, கணவன் மனைவி இருவருக்கும் ஷிஃப்ட் என்றால் வாங்கத்தான் வேண்டும். வேலை லண்டனில் இல்லாமல் லிங்கன்ஷயர், நார்ஃபோக் போன்ற கிராமப்புற மாவட்டங்களில் கிடைத்திருந்தால், நான் மேலே சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. அங்கே பல ஊர்களில் பஸ்ஸை நம்பி ஷிஃப்ட் பார்க்க முடியாது.

வாங்குகிறவர்கள் இன்சூரன்ஸ் விலையை முதலில் கேளுங்கள், வண்டி விலையை அப்புறம் கேட்கலாம். புதிதாக வந்தவர்களுக்கு முதல் ஆண்டுதான் மிக அதிகம், தெருவுக்குத் தெரு மாறும். நம் ஊரில் விபத்தில்லாமல் ஓட்டிய கணக்கைப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள். விலையைக் குறைக்க, அதிகம் ஓட்டுகிறவர் பெயரை மறைத்து வேறொருவர் பெயரில் பாலிசி எடுக்கச் சொல்லிச் சிலர் யோசனை சொல்வார்கள். அது மோசடிக் குற்றம். பாலிசியே செல்லாமல் போய்விடும். இன்சூரன்ஸ் இல்லாமல் பிடிபட்டால் 300 பவுண்டு அபராதம், லைசென்ஸில் ஆறு தண்டனைப் புள்ளி. அங்கே லைசென்ஸ் வாங்கி இரண்டு ஆண்டுக்குள் ஆறு புள்ளி விழுந்தால் அந்த லைசென்ஸே ரத்து.

கார் வாங்காவிட்டாலும் லைசென்ஸுக்கு முதல் ஆண்டிலேயே முயலுங்கள். நம் லைசென்ஸை வைத்து, குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் மட்டுமே ஓட்டலாம். அதை மாற்றித் தர மாட்டார்கள், புதிதாகத்தான் எடுக்க வேண்டும். முதலில் நம் எல்.எல்.ஆர். போன்ற புரொவிஷனல் லைசென்ஸ், பிறகு எழுத்துத் தேர்வு, அதன்பின் சுமார் நாற்பது நிமிடம் சாலையில் ஓட்டிக் காட்ட வேண்டும். சிறு தவறுகள் 15 வரை மன்னிப்பார்கள். பெரிய தவறு ஒன்று செய்தாலும் தோல்விதான். இடப்பக்கம் ஓட்டும் பழக்கம் நமக்கு உதவும். கண்ணாடியைப் பார்க்காமல் திரும்பும் பழக்கம்தான் நம்மைத் தோற்கடிக்கும். ஓட்டும் தேர்வுக்குத் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகிறது. பதினோராவது மாதம் விண்ணப்பித்தால் நடுவில் ஓட்ட முடியாத காலம் வந்துவிடும்.

விமானம் ஏறுவதற்கு முன் உங்கள் இந்திய லைசென்ஸை எடுத்து, எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். அந்த 12 மாதத்துக்குள் காலாவதி ஆவதாக இருந்தால், ஊரில் இருக்கும்போதே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் புதுப்பிக்க வழி உண்டா என்று கேட்டுவிடுங்கள்.